ஒரு பட்டைக்கு 300 ரூபாய்!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குச் சிரித்த முகத்தை எதிர்பார்க்காதீர்கள். விளக்குக்கான ஒரே ஒரு அக்ரிலிக் பட்டையை வெட்ட 300 ரூபாய் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன வீடியோவில் பார்த்த அதே மேசை விளக்குதான். கட்டளைப் பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வடிவம் வரையும் கிராஸ்ஹாப்பர் மென்பொருளில் வெவ்வேறு நீளத்தில் 40 பட்டைகளை அடுக்கினோம் அல்லவா, அதில் கடைசி 10 மட்டும் கறுப்பு அக்ரிலிக்கில் வர வேண்டும். பட்டியலில் இருந்து ஒவ்வொன்றாக எடுக்கும் லிஸ்ட் ஐட்டம் பெட்டிகள் பத்தை வைத்துக் கம்பி இழுப்பது எனக்கு அறவே பிடிக்காது. திரை இடியாப்பத் தட்டு போல ஆகிவிடும். பட்டியலின் ஒரு பகுதியை மொத்தமாக வெட்டி எடுக்கும் சப் லிஸ்ட் என்ற ஒரே பெட்டி போதும். பட்டியலை உள்ளே கொடுத்தேன், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று சொல்லும் டொமைனுக்கான டி வாசலில், எழுதவும் பார்க்கவும் உதவும் பேனல் பெட்டி ஒன்றை இணைத்து ‘31 டு 40’ என்று எழுதினேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். கிராஸ்ஹாப்பர் 0 முதல் எண்ணும். கடைசிப் பட்டையின் எண் 39. நாற்பதாம் எண்ணே கிடையாது! ஆனால் ராப் என்ற வாசலில் ட்ரூ இருந்ததால், 40-ஐத் தேடிப் போன பெட்டி ஒரு சுற்றுச் சுற்றி 0-க்கே வந்து, முதல் பட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டது. பிழை என்று பெட்டி சிவக்கவில்லை, எச்சரிக்கையாகச் செம்மஞ்சளாகக்கூட மாறவில்லை. எத்தனை இருக்கிறது என்று எண்ணும் லிஸ்ட் லெங்த் பெட்டியில் பார்த்தேன்: சரியாக 10! எண்ணிக்கை சரி என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இதற்கு முன்பே பட்டியலை ஃபிளாட்டன் செய்திருந்தேன், அதாவது கிளைகளை எல்லாம் ஒரே பட்டியலாக்கியிருந்தேன். பத்துப் பத்தாக நான்கு கிளைகளில் கிடந்தது; அப்படியே விட்டால் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாக வெட்டும்.

சரி, அக்ரிலிக் வெட்டித் தரும் கடைக்கு வருவோம். வெட்டி வாங்கி அடுக்கினால், 18 செ.மீ. பட்டை இருக்க வேண்டிய இடம் காலி. கையில் 4 செ.மீ. குட்டி ஒன்று மிச்சம். இதோ பாருங்கள், பல்குச்சி போல! திரும்பப் போனால், ஒன்றானாலும் பத்தானாலும் குறைந்தபட்சக் கட்டணம் 300 என்றார்கள். 18 செ.மீட்டருக்கு! இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு.

எழுதியிருக்க வேண்டியது ‘30 டு 39’. கடைசி எண்ணைச் சேர்க்காத பைத்தான் நிரல்மொழிப் பழக்கத்தில் ‘30 டு 40’ என்று எழுதினாலும் தப்புத்தான். இங்கே கடைசி எண்ணும் சேர்ந்தே வரும். ராப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டேன். இனி எதையும் வெட்டக் கொடுக்கும் முன் எண்ணிக்கையோடு ஒவ்வொரு பட்டையின் நீளத்தையும் ஒரு பேனலில் பார்ப்பேன்.

நாளை ஒட்டுகிறேன். அக்ரிலிக் பசை விலையைக் கேட்டீர்களா? அதைத் திட்டத் தனி வீடியோ வேண்டும்.