முதுகுக்குப் பின்னால் ஒரு கண்

வணக்கம் நேயர்களே. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற என்-3 சாலையில் வேலை ஓயாமல் நடக்கிறது. தினமும் போய்வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரஞ்சுக் கூம்புகள் தொடங்குகிற இடத்தில் ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டே நிற்பார். பல நாள் அது ஒரு பெண்ணாக இருக்கும். வெயிலானாலும் மழையானாலும் அந்தக் கை ஓயாது. கொடியைப் பார்த்ததும் பிரேக்கில் கால் வைக்கிறோம். கொடி பிடித்த ஆளின் முகம் வீடு போய்ச் சேரும்போது நினைவில் இருக்கிறதா?

அவரைப் போலவே கார் பந்தயத் தடத்தின் ஓரத்தில் நிற்கிறவர்கள் உண்டு. மார்ஷல் என்று சொல்வோம். கொடி காட்டுவது, தீயை அணைப்பது, மோதிய வண்டியைத் தள்ளி அப்புறப்படுத்துவது, தடத்தில் சிந்திய எண்ணெய்மேல் தூள் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நானும் இருபது வருடத்துக்கு மேல் அப்படி நின்றவன்.

ஓரத்தில் நிற்கிறவர்களைப் பற்றிய இந்த எண்ணம் எனக்குள் விழுந்தது 1977-ல். டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு, எனக்குப் பதினோரு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பத்திரிகையை உரக்க வாசித்தார். முந்தின நாள், மார்ச் 5, நம் தென்னாப்பிரிக்காவின் கியாலாமி தடத்தில் கிராண்ட் பிரீ கார் பந்தயம். டாம் பிரைஸ் என்ற வேல்ஸ் நாட்டு வீரர் இறந்துபோனார், ஒரு மார்ஷலும் இறந்துபோனார் என்று வாசித்தார். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "அந்த மார்ஷல் பையன் பேரு என்னங்க?" அப்பா பக்கத்தை மறுபடி மேலிருந்து தேடித்தான் சொன்னார். ஃப்ரெடெரிக் யான்சன் ஃபான் வூரன். பத்தொன்பது வயது.

நடந்தது இதுதான். ஷேடோ அணியின் ரென்சோ சோர்சி, இயந்திரக் கோளாறால் தன் வண்டியை நேர்ச்சாலையின் இடது ஓரத்தில் நிறுத்தினார். பின்பக்கம் சிறிதாகத் தீப்பிடித்தது. எதிர்ப்பக்கம், பிட் சுவர் (பந்தய வண்டிகளுக்குச் சக்கரம் மாற்றி, பழுது பார்க்கும் இடத்தின் சுவர்) ஓரமாக நின்ற இரண்டு மார்ஷல்கள் தடத்தைக் குறுக்கே கடந்து ஓடினார்கள். முதலாமவர் மயிரிழையில் தப்பினார். இரண்டாவது ஓடிய பையன் கையில் சுமார் 18 கிலோ எடையுள்ள தீயணைப்புச் சிலிண்டர். அந்த நேரத்தில் வண்டிகள் ஒரு மேட்டைத் தாண்டி வருகின்றன. மேட்டுக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. முன்னால் வந்த ஹான்ஸ் ஷ்டுக் கடைசி நொடியில் விலகினார். அவருக்கு நேர் பின்னால் வந்த பிரைஸுக்கு ஷ்டுக்கின் வண்டிதான் கண்ணை மறைத்தது. பையன்மேல் வண்டி மோதியது. சிலிண்டர் பிரைஸின் தலையில் அடித்தது. இரண்டு பேருமே அங்கேயே போய்விட்டார்கள். பிரைஸும் ஷேடோ அணிதான். தன் கூட்டாளியின் வண்டியில் பிடித்த தீக்காக ஓடியவன்மேல்தான் அவர் மோதினார்.

பிரைஸ் வந்த வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில். என்-3-ல் நமக்கு விட்டிருப்பது 120. அதைப்போல் இரண்டேகால் மடங்கு. நொடிக்கு 75 மீட்டர். நீங்கள் "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் முக்கால் கால்பந்து மைதானம் கடந்துவிடும். ஓடுகிறவன் தலையைத் திருப்பிப் பார்த்து முடிவெடுக்க அதில் இடமே இல்லை.

அந்தப் பையனைக் குறை சொல்லிப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உத்தரவு இல்லாமல் ஓடினான் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்கு வருடம் முன்னால், 1973-ல், இதே கியாலாமியில் கிளே ரெகாசோனி என்ற வீரர் எரிகிற வண்டிக்குள் மாட்டிக்கொண்டபோது, சக வீரர் மைக் ஹெய்ல்வுட் தீக்குள் போய் இழுத்தார். அதற்காக அவருக்குப் பிரிட்டனின் வீரப் பதக்கமான ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். அதே வருடம் ஹாலந்தில், சான்ட்வூர்ட்டில், ரோஜர் வில்லியம்சன் கவிழ்ந்த வண்டிக்கடியில் எரிந்து இறந்தார். டேவிட் பர்லி என்ற இன்னொரு வீரர் ஒற்றை ஆளாகப் போராடினார். தீ தாங்கும் உடுப்பில்லாத மார்ஷல்கள் கிட்டே போக முடியாமல் நின்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்த எந்த இளைஞனுக்குச் சும்மா நிற்க மனசு வரும்? தீ என்றால் ஓடு என்றுதான் அந்தக் காலம் சொல்லிக்கொடுத்தது. ஓடுகிறவனுக்காகச் சாலையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு கிளப் பந்தயம். தூறல். வளைவில் ஒரு வண்டி வழுக்கிப்போய் சரளைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது. ஓட்டினவர் அசையவில்லை. நான் தடுப்பின் மேல் ஒரு கால் போட்டுவிட்டேன். கூட நின்ற பெரியவர் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். கோபம் வந்தது எனக்கு. "ஆள் அசையலை பெரியவரே!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு கையால் மஞ்சள் கொடி இரண்டையும் ஆட்டினார். இன்னொரு வண்டி வந்தது, அதே இடத்தில், அதே மாதிரி வழுக்கி, நான் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் வழியாகவே போய் முதல் வண்டியின் பின்பக்கத்தில் இடித்து நின்றது. ஒருவர் வழுக்கின இடத்தில் அடுத்தவரும் வழுக்குவார், அதே ஈரம்தானே. அப்புறம் அவர் பெல்ட்டை விட்டார். "இப்போ போ. முதுகை நான் பார்த்துக்கறேன்." இரண்டு ஓட்டுநர்களும் பிழைத்தார்கள். அந்தப் பிடியை என் இடுப்பு இன்னும் மறக்கவில்லை.

நம் கோயில் தீமிதியை நினைத்துப் பாருங்கள். பூமிதிக்கிறவரைத்தான் ஊரே பார்க்கும். குழியின் முடிவில் நின்று, வருகிறவரைக் கையில் தாங்குகிறாரே, அவர் கண் பக்தரை விட்டு நகராது. அந்த ஆள் தடத்திலும் வேண்டும். வேலை செய்ய ஒருவர், வருகிற வண்டியைப் பார்க்க ஒருவர். பார்க்கிறவர் வேறெதையும் தொடக்கூடாது. மறுபடியும் சொல்கிறேன், வேறெதையும் தொடக்கூடாது.

ஓரமாக நின்றாலே போதுமா என்றால், போதாது. 2000-ல் இத்தாலியின் மொன்சாவிலும் அடுத்த வருடம் மெல்பர்னிலும் வண்டியிலிருந்து பிய்ந்து வந்த சக்கரம் பட்டு மார்ஷல்கள் இறந்தார்கள். மெல்பர்னில் அந்தச் சக்கரம் புகுந்தது மார்ஷல்கள் போய்வர வேலியில் விட்டிருந்த திறப்பு வழியாக. 2013-ல் மான்ட்ரியலில் பந்தயமே முடிந்த பிறகு, கோளாறான வண்டியை எடுத்துப்போன பழுதுதூக்கி வாகனத்தின் அடியில் ஒரு மார்ஷல் விழுந்து இறந்தார். கீழே விழுந்த ரேடியோவை எடுக்கக் குனிந்தபோது. 2014-ல் ஜப்பானின் சுசூக்காவில் ஜூல் பியாங்கி என்ற வீரர் மீட்பு வண்டியில் மோதியதற்குப் பிறகுதான், எல்லா வண்டியையும் ஒரே நேரத்தில் வேகம் குறைக்க வைக்கும் மெய்நிகர் பாதுகாப்புக் கார் முறை 2015-ல் வந்தது. சாலைவேலைக்காரர்களுக்கும் அது மாதிரி ஏதாவது…

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். வெயில், குடிதண்ணீர், காதடைப்பான், காப்பீடு என்று இன்னும் வைத்திருந்தேன். காதடைப்பான் மட்டும் சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் வேண்டும், ஆனால் கூட்டாளியின் விசில் கேட்கிறதா என்று போட்ட பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும்.

விசிலைக் கையில் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒரே நீண்ட ஊதல் என்றால் "வண்டி வருது, ஒதுங்கு" என்று பொருள். கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும், சிலிண்டரானாலும் சரி. வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், ஊதுகிறேன்.

(விசில்)

வணக்கம்.