திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்குவது உரிமையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மஞ்சக்குப்பம் வந்து உட்கார்ந்திருக்கும் கடலூர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். "வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதையே தள்ளுபடி விலையில் மறுபடி வாங்குவது வாடிக்கையாளரின் உரிமையா, வியாபாரிக்குச் செய்யும் துரோகமா?" உரிமையே என்பது எங்கள் கட்சி. துரோகம் என்று பேசிய சகோதரர் பாதி நேரம் யாரைத் திட்டினார்? பட்டுச்சேலையைக் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் மடித்துக் கொண்டுவந்து "கலர் பிடிக்கல" என்பவர்களை. அய்யா, அது ஏமாற்று. அதற்கு எங்கள் அணியில் ஒருவரும் வக்காலத்து வாங்கமாட்டோம். நாங்கள் பேசுவது பிரிக்காத பெட்டியைப் பற்றி, கிழிக்காத டேக்கைப் பற்றி. கையில் பில் இருக்கிறது, கடையே அச்சடித்துக் கொடுத்த கெடு தாண்டவில்லை. இவ்வளவும் சரியாக இருக்கும் ஒருவர் கடைக்குத் திரும்பி வருவது தப்பா என்பதுதான் கேள்வி.

வருகிறவர் யார் என்று முதலில் பார்ப்போம். நம் ஊர்க் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதை நம்பிய வீடுகளில் எந்தச் செலவையும் தள்ளித்தான் போடுவார்கள். ஜூன் 15-இல் படகு கடலுக்குப் போய், மீன் வந்து, பாக்கி அடைத்து, மிச்சம் கையில் நிற்கும்போது ஜூலை பிறந்துவிடும். அப்போதுதான் சாமான் வாங்கக் கடைக்குப் போவார்கள். ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கும். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலை முழுக்க 'ஆடித் தள்ளுபடி' பேனர் ஏறும். காசு வந்தவுடன் வாங்கியவர் முழு விலை கொடுத்தவர், ஒரு வாரம் கழித்து வந்தவர் குறைந்த விலை கொடுத்தவர். இரண்டாமவர் கெட்டிக்காரர் என்பதல்ல காரணம், அவரால் காத்திருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர், தேவனாம்பட்டினத்துக்காரர். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தடைக்காலம் முடிந்து கையில் காசு புரண்டதும் சீர்சாமான் ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார். ஒரு மிக்ஸி, விலை 5,450 ரூபாய். சீருக்கு வைப்பது என்பதால் பெட்டியின் டேப்பைக்கூட வெட்டவில்லை. ஒரு வாரத்துக்குள் அதே கடையில், அதே மிக்ஸிக்கு, 4,350 என்று அட்டை தொங்கியது. பில்லின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் தெளிவாக இருந்தது: 'பிரிக்காத பொருட்கள் 10 நாட்களுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்.' "நீ கொஞ்சம் கூட வாம்மா, எனக்குப் படிச்சுச் சொல்லத் தெரியாது" என்றார். போனேன். ஷேர் ஆட்டோவில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார்.

கவுன்டரில் இருந்த தம்பி பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பொருள்ல குறை ஒண்ணும் இல்லையேக்கா, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்?" என்று கேட்டார். "குறை பொருள்ல இல்ல தம்பி, வெலையில" என்றார் அக்கா. மேனேஜரைக் கூப்பிட்டார்கள். அவர் பில்லைப் படித்தார், கொஞ்சம் முனகினார், பிறகு எழுதிய வாக்குக்குக் கட்டுப்பட்டார். பழைய பில்லை ரத்து செய்து புது பில் போட்டார்கள். பெட்டி கவுன்டரில் வைத்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. பழைய பில்லில் இருந்த மிக்ஸியின் சீரியல் நம்பரே புது பில்லிலும் ஏறியது. 1,100 ரூபாய் கைக்கு வந்தது. போகிற வழியிலேயே அதில் ஒரு குக்கர் வாங்கி சீரோடு சேர்த்தார். நடுவர் அவர்களே, இதில் துரோகம் எங்கே இருக்கிறது? அன்றைக்கு வாசலில் வந்து நின்ற யாருக்கும் அந்த மிக்ஸியை 4,350-க்குத்தான் கடைக்காரர் கொடுத்தார். இந்த அக்காவுக்கும் அதே விலைக்குக் கொடுத்தார்.

"அப்படியானால் அந்த 1,100 கடைக்கு நஷ்டம்தானே?" என்று எதிரணி அம்மா எழுந்து கேட்பார். எங்கள் வாதத்தின் மூல இடமே இதுதான். ஆடித் தள்ளுபடி திடீரென்று வந்து குதிக்கிற காரியமா? ஆடியில் முகூர்த்தம் கிடையாது, விவசாயி கையில் இருக்கும் பணம் விதைப்புக்குப் போகும், ஜவுளியும் சாமானும் தேங்கும், தீபாவளிச் சரக்குக்கு இடம் ஒழிக்க வேண்டும். அதனால் விலையைக் குறைக்கிறார்கள். நியாயமான காரணம். ஆனால் வருஷா வருஷம் வருகிற காரணம். பேனருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, விளம்பர நோட்டீஸ் அச்சடித்தாயிற்று, கம்பெனியோடு ஸ்கீம் பேசி முடித்தாயிற்று. எந்த நாளில், எந்தப் பொருளுக்கு, எவ்வளவு குறையப்போகிறது என்பது கடைக்குத் தெரியும். அந்த அக்காவிடம் 5,450 வாங்கிய அன்றே தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான். அந்த 1,100 ரூபாய் மிக்ஸியின் விலையில்லை, தேதி தெரியாமல் போனதற்கு அவர் கட்டிய அபராதம். அதைத்தான் கெடுவுக்குள் வந்து திரும்பக் கேட்கிறார்.

தேதியைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்தே இருக்கிறோம். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, ஏ.சி.க்கு 28 சதவீதமாக இருந்த வரியை 18 ஆக்குகிறோம், செப்டம்பர் 22 முதல் அமல் என்று அறிவித்தது. வரி சேராமல் 30,000 ரூபாய் விலையுள்ள ஏ.சி. முன்பு 38,400, அதற்குப் பின் 35,400. மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். 19 நாள் முன்னதாகச் சொன்னதால் வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டார்கள். பொறுக்க முடிந்தவர் பொறுத்தார், முடியாதவர் தெரிந்தே வாங்கினார். தெரிந்து வாங்கியவர் திருப்பித் தர வந்தால், அவரிடம் எதிரணி கோபப்படட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். தேதியை மறைத்து விற்றுவிட்டு, திரும்பி வருபவரைத் துரோகி என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சட்டத்தில் இடம் இல்லை" என்றார்கள். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்று அதன் 2(47) பிரிவு சொல்கிறது. குறையில்லாத பொருளைத் திருப்பி எடுத்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பின்னே இந்த உரிமை எங்கிருந்து வந்தது? கடைக்காரர் கையெழுத்திலிருந்து வந்தது. 10 நாள் என்று யாரும் அவரை மிரட்டி எழுத வைக்கவில்லை. அதைக் காட்டித்தான் கூட்டத்தை உள்ளே இழுத்தார், அந்த நம்பிக்கையில்தான் நாம் வாங்கினோம். என்ன காரணத்துக்காகத் திருப்பித் தரலாம், எதற்காகத் தரக்கூடாது என்று அதில் எழுதவும் இல்லை. வரிக் கணக்கு குழம்பிவிடும் என்ற பயமும் வேண்டாம். சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட், அதாவது பழைய பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு, போட்டு வரியைச் சரிசெய்துகொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

எதிரணியில் ஒரே ஒரு கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. "நாளைக்கு விலை ஏறினால், ஏறிய பணத்தைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுப்பீர்களா?" நல்ல கேள்வி. பதிலுக்கு நகைக்கடைக்குப் போவோம். காலையில் போர்டில் அன்றைய கிராம் விலை எழுதுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சங்கிலி மூன்று மாதத்துக்கு முன் குறைந்த விலையில் வாங்கிய தங்கத்தில் செய்ததாக இருக்கலாம். நமக்கு விற்பது இன்றைய விலைக்கு. யாராவது சண்டை போட்டோமா? இல்லை. ஆக, விலை ஏறும்போது அந்த ஏற்றம் கடைக்காரருக்குத்தான் போகிறது, பழைய சரக்குக்கும் சேர்த்துப் போகிறது. இறங்கும்போது மட்டும் "விற்றது விற்றதுதான்" என்றால் எப்படி? இன்னொன்றும் அதே நகைக்கடையில் இருக்கிறது. முன்பணம் கட்டினால், கட்டிய நாள் விலை, வாங்கும் நாள் விலை, இரண்டில் எது குறைவோ அதற்குத் தருகிறோம் என்று எத்தனையோ கடைகள் கூவி அழைக்கின்றன. தங்கத்துக்குக் கொடுக்க முடிந்த வாக்கு மிக்ஸிக்கும் சட்டைக்கும் முடியாதா?

மொபைல் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 'பிரைஸ் டிராப்' என்ற சொல் அவர்கள் வாயிலிருந்தே வரும். கம்பெனி ஒரு மாடலின் விலையைக் குறைத்தால், கடையில் விற்காமல் நிற்கும் பெட்டிகளுக்கான வித்தியாசத்தை டீலர் கணக்கில் வரவு வைக்கும் வழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. வரவு வராவிட்டால் டீலர் சும்மா இருப்பாரா? போன் மேல் போன் போடுவார். போடட்டும், அது அவர் உரிமை. அவர் கம்பெனியிடம் கேட்பதைத்தான் நாம் அவரிடம் கேட்கிறோம்.

ஆன்லைன் விஷயத்தில் டெலிவரி தம்பியின் கஷ்டத்தைச் சொல்லி எதிரணி அம்மா கண் கலங்கினார். எனக்கும் அந்தக் கலக்கம் உண்டு. நெல்லிக்குப்பத்திலிருந்து குறிஞ்சிப்பாடி வரை வெயிலில் பைக் ஓட்டும் பிள்ளை, ஒரு பெட்டியை எடுத்துப் போக ஒரு முறையும், அதே மாதிரிப் பெட்டியைக் கொண்டுவர இன்னொரு முறையும் வர வேண்டியிருக்கிறது. ஆனால் அவரை அலைய வைப்பது யார்? "விலை குறைஞ்சிருக்கு, வித்தியாசத்தைக் கொடுங்க" என்று கேட்டால், "முடியாது, வேண்டுமானால் ரிட்டர்ன் போட்டுவிட்டுப் புதிதாக ஆர்டர் போடுங்கள்" என்று பதில் சொல்லும் நிறுவனம்தான். வித்தியாசத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் அந்தத் தம்பிக்கு இரண்டு பயணமும் மிச்சம்.

அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2007 ஜூன் 29-இல் அமெரிக்காவில் முதல் ஐபோன் வந்தபோது 8 ஜிபி மாடல் 599 டாலர். செப்டம்பர் 5-ஆம் தேதி விலையை 399 ஆக்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்தார்கள். மறுநாளே ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, முன்னால் வாங்கியவர்களுக்கு, அவர்கள் கடையில் அடுத்து வாங்கும்போது கழித்துக்கொள்ள 100 டாலர் வரவு அறிவித்தார். குறைப்புக்கு முந்தைய 14 நாளுக்குள் வாங்கியவர்களுக்கு வித்தியாசம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. அதனால் அந்தக் கம்பெனி இழுத்து மூடப்படவில்லை.

சிறு வியாபாரி செத்துப்போவார் என்பது அவர்களின் கடைசி அம்பு. பாண்டிச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பார்த்திருப்பீர்கள். தரையில் விரித்து விற்பவரிடம் நான் ஒரு சட்டை வாங்கினால், விலை அவருக்கும் எனக்கும் நேருக்கு நேர் பேசி முடிந்தது. பில் இல்லை, 10 நாள் வாக்கு இல்லை, ஒளித்துவைத்த தள்ளுபடித் தேதியும் இல்லை. அவரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது அநியாயம். எங்கள் அணி அதைக் கேட்கவே இல்லை. தெருமுனை ஜவுளிக்கடை அண்ணாச்சியிடமும் கேட்க வேண்டியதில்லை, அவரே "அடுத்த வாரம் குறையும், அப்ப வாங்கம்மா" என்று சொல்லிவிடுவார். நான்கு மாடிக் கடைகளைக் காப்பாற்ற அவர்களை முன்னால் நிறுத்தாதீர்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், இதோ முடிக்கிறேன். இந்தத் தீர்ப்போடு நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும் அய்யா. பில்லின் பின்பக்கத்தில் கடைக்காரர்கள் ஒரே ஒரு வரியைக் கூட்டி அச்சடிக்கட்டும்: 'வாங்கிய 10 நாளுக்குள் எங்கள் கடையில் விலை குறைந்தால், வித்தியாசம் திருப்பித் தரப்படும்.' அந்த வரி வந்த மறுநாள், மடியில் பெட்டியோடு ஷேர் ஆட்டோ ஏற ஒருவருக்கும் வேலை இருக்காது. அது வரும்வரை, கெடுவுக்குள், பிரிக்காத பெட்டியோடு வரும் அந்த அக்காவைத் துரோகி என்று இந்த மன்றம் சொல்லக்கூடாது என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.