தலையில அடி: ‘ஒண்ணுமில்ல’ன்னு சொன்னா நம்பலாமா?

[திரையில்: லார்ட்ஸ் மைதானத்தின் வரைபடம், மேலே தேதி]

2019 ஆகஸ்ட் 17. ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே பட்டது. அப்படியே தரையில் சாய்ந்தார். வெளியே அழைத்துப் போய்ச் சோதித்தார்கள், எல்லாவற்றிலும் தேறினார். சுமார் 40 நிமிடத்தில் திரும்பி வந்து, 80-ல் விட்ட ஆட்டத்தை 92 வரை கொண்டு போனார்.

மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. கன்கஷன், அதாவது தலை குலுங்கியதில் மூளைக்கு ஏற்பட்ட காயம், என்று முடிவானது. அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரர். அந்த விதியே அந்த மாதம் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்திருந்தது.

பக்கத்தில் மருத்துவக் குழு இருந்தும் ஓர் இரவு முழுக்கத் தெரியாமல் இருந்த காயம் இது. ஊர்க் கபடியில் ரெய்டரின் நெற்றிப்பொட்டில் முழங்கால் இடித்தால், "ஒண்ணுமில்லண்ணே, ஆடுறேன்" என்ற அவன் வார்த்தையை மட்டும் நம்பி உள்ளே அனுப்பிவிடுகிறோம். அடிபட்ட மூளையிடமே "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்பது போலத்தான் இது.

[திரையில்: மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்கும் அனிமேஷன்]

உள்ளே என்ன நடக்கிறது? தலை சட்டென்று திரும்பும்போது மூளை முறுக்கி இழுபடுகிறது. நரம்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிய, கால்சியம் உள்ளே நுழைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு ஏராளமான சக்தி வேண்டும். ஆனால் அதே நேரத்தில் அங்கே ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். எதுவும் உடையவில்லை, கிழியவில்லை. அதனால் சி.டி. ஸ்கேனில் கன்கஷன் தெரியாது. ஸ்கேன் எடுப்பது மூளைக்குள் ரத்தக்கசிவோ, மண்டை ஓட்டில் முறிவோ இருக்கிறதா என்று பார்க்கத்தான். "ஸ்கேன் நார்மல்" என்றால் ஆடலாம் என்று அர்த்தமில்லை. ஹெல்மெட்டும் அப்படித்தான். மண்டை ஓட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலையில் படாமல், மார்பில் விழுந்த மோதலில் கழுத்து வெட்டி இழுத்தாலும் கன்கஷன் வரலாம்.

[திரையில்: மைதான ஓரம், பயிற்சியாளரும் வீரரும்]

மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று நினைப்பவர்கள் நிறைய. பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. கவனிக்க வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள்: விழுந்தவர் எழத் தாமதிக்கிறார், நடை தள்ளாடுகிறது, பார்வை வெறித்திருக்கிறது, கேட்டதற்கு நிதானித்துப் பதில் சொல்கிறார், தன் இடத்தை விட்டு வேறு இடத்தில் போய் நிற்கிறார். அவரைக் கேட்டால் தலை பாரம், குமட்டல், வெளிச்சம் கூசுகிறது, எல்லாம் பனிமூட்டமாக இருக்கிறது என்பார். சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், அல்லது அழுவார்கள்.

பெயர் கேட்காதீர்கள், அது எப்போதும் வரும். இப்படிக் கேளுங்கள்: இது எந்த மைதானம்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன மேட்ச் யாரோடு, ஜெயித்தோமா? ஒரு பதில் தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாப் பதிலும் சரியாக வந்து, உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றாலும் வெளியேதான் இருக்க வேண்டும்.

[திரையில்: சிவப்புப் பின்னணி, 108]

தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, மயக்கம், இரட்டையாகத் தெரிவது, கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, வரவரத் தூங்கி வழிவது, ஆளைத் தள்ளிச் சண்டைக்கு வருவது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை கழுத்தை அசைக்க வேண்டாம், ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். பதற்றத்தில் நாலு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் போவதுதான் தண்டுவடத்துக்கு ஆபத்து.

அபாய அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அன்று தனியாக விடக்கூடாது. வண்டி ஓட்டக்கூடாது, மது கூடாது. ரத்தக்கசிவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்யும்வரை வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் வேண்டாம். பாராசிட்டமால் போதும்.

[திரையில்: மணிக்கட்டில் இரண்டு விரல், ஓடும் கடிகாரம்]

முன்பெல்லாம் வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கச் சொன்னார்கள். இப்போது அப்படியில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம்தான் ஓய்வு, அப்போதும் வீட்டுக்குள் நடக்கலாம். போன் திரையை மட்டும் அந்த இரண்டு நாள் நன்றாகக் குறைக்க வேண்டும்.

பிறகு மெதுவான நடை, நின்ற இடத்து சைக்கிள். எவ்வளவு வேகம்? 220-லிருந்து வயதைக் கழியுங்கள். அதுதான் இதயம் நிமிடத்துக்குத் துடிக்கக்கூடிய தோராயமான உச்சம். 16 வயதுப் பையனுக்கு 204. முதலில் அதில் 55 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 112 துடிப்பு வரை. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணினால் 28. அது ஒத்துக்கொண்டால் 70 சதவீதம், 15 விநாடிக்கு 35. அப்புறம் தனியாக ஓட்டம், திசை மாற்றம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள்.

தொந்தரவு லேசாகத் தலைகாட்டினால் பயப்பட வேண்டாம். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடச் சொல்லுங்கள். இரண்டு மார்க்குக்கு மேல் ஏறினாலோ, ஏறியது ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டாலோ அங்கேயே நிறுத்தி, மறுநாள் முயலுங்கள்.

இதற்கு மேல் போக இரண்டு நிபந்தனை: அறிகுறி முழுக்கப் போயிருக்க வேண்டும், மருத்துவர் சம்மதிக்க வேண்டும். அதன்பின் மோதல் இல்லாத அணிப் பயிற்சி, பிறகு பிடியும் மோதலும் உள்ள முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். மாணவர் என்றால் மேட்சுக்கு முன் வகுப்பில் முழு நாள் சிரமமின்றி உட்கார முடிய வேண்டும். ஆறின பிறகு வாங்கும் அடி வேறு, ஆறாத மூளையில் வாங்கும் அடி வேறு. பின்னது, அரிதாக, இளம் வயதினரின் உயிரையே எடுத்திருக்கிறது. ஃபைனல் என்பதற்காக ஒரு படியைத் தாண்டச் சொல்லும் எவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகும், பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். அதைத் தாண்டியும் தலைவலியோ கிறுகிறுப்போ இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கழுத்துக்கும் சமநிலைக்கும் தனிப் பிசியோதெரபி உண்டு, அதில் குணமாகிறது. போகும்போது ஒரு தாளில் அடிபட்ட தேதி, நேரம், எந்தப் பக்கம் பட்டது, அன்றிலிருந்து தினமும் போட்ட மார்க், இதற்கு முன் எத்தனை முறை இப்படி ஆனது என்று எழுதி எடுத்துப் போங்கள்.