இந்தப் புல்லின் இலை தலைகீழாக முளைக்கிறதா?

(திரையில்: ஒரே ஒரு இலை, மிக அருகில்)

இந்த இலையைப் பாருங்கள். பொன் மஞ்சள், ஊடே மெல்லிய பச்சைக் கோடுகள். பளபளவென்று தெரியும் இந்தப் பக்கம்தான் மேல்பக்கம் என்று நினைப்பீர்கள். இல்லை, இது அடிப்பக்கம்!

இது ஹகோனே புல். சொந்த ஊர் ஜப்பான், டோக்கியோவுக்குத் தென்மேற்கே உள்ள ஹகோனே மலைப்பக்கம். இந்த மஞ்சள் ரகத்துக்கு அவுரியோலா என்று பெயர். அமெரிக்காவில் 2009-இன் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வானது. சரி, இலைக்கு வருவோம்.

(திரையில்: இலை தண்டோடு சேரும் இடம்)

இலை தண்டிலிருந்து பிரியும் இடத்தில் குறுகி, அரைச் சுற்று முறுக்கிக்கொள்கிறது. ஒரு இலை இரண்டு இலை அல்ல, புதர் முழுக்க இப்படித்தான். விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், மங்கலான மறுபக்கம் தெரியும். அதுதான் உண்மையான மேல்பக்கம். அப்புறம் எல்லா இலையும் ஒரே திசையில் சாய்கிறது, எண்ணெய் வைத்து வாரிவிட்ட கூந்தல் மாதிரி. தோட்டப் புற்களில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

மஞ்சளான இடத்தில் பச்சையம் குறைவு. உணவு தயாரிப்பதும் குறைவு, அதனால் மெதுவாகத்தான் வளரும். முழுப்பச்சைத் தளிர் வந்தால் உடனே அடியோடு எடுத்துவிடுங்கள். விட்டால் வேகமாக வளர்ந்து மஞ்சளை அமுக்கிவிடும். விதை போட்டால் இந்தக் கோடுகள் வரும் என்று நம்ப முடியாது. வசந்த காலத்தில் வேரோடு புதரைப் பிரித்து நடுவதே வழி.

மண்? ஈரம் காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. மலைச்சரிவில் வளரும் புல் இது. அங்கே மழை கொட்டும், கொட்டியது வடிந்தும் போகும். அதனால் மக்கிய இலை உரத்தை நிறையக் கலந்து, மேலே மூடாக்குப் போடுங்கள்.

வெயில்தான் நிறத்தை மாற்றும். ஆழ்ந்த நிழலில் இளம்பச்சையாகிவிடும், கடும் வெயிலில் வெளுத்து நுனி கருகும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம்தான் சரி. சென்னை, மதுரை வெயிலில் வாங்கி வைத்துக் காசை வீணாக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தைரியமாக முயன்று பார்க்கலாம். வைத்திருப்பவர்கள் இலையைத் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.