கடைசி வரிசை

நேயர்களுக்கு வணக்கம். விடுமுறைக்கு மதுரை வந்தவளைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்புக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அங்கே உங்களுக்கு என்ன பெரிய தலைவலி என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் பெண்கள் நிலைத்து இருப்பதில்லை என்றேன். வானொலி நிலையத்தில் ஒருவரும் நம்பவில்லை.

நம்பாததில் தப்பில்லை. நம் ஊரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பை எட்டிப் பார்த்தால் ஏறக்குறைய பாதி பெண்பிள்ளைகள். வெயிலில் அலைய வேண்டாம், ஏசி ரூம் என்று அப்பாக்களே கொண்டுவந்து சேர்த்துவிடுகிற படிப்பு இது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்குகிறவர்களில் ஐந்தில் ஒருவர், கொஞ்சம் கூடச் சொல்லலாம், அவ்வளவுதான் பெண்கள். அங்கேயும் முன்பு இப்படி இல்லை. 1980களின் நடுவில் 37 சதவீதம் வரை போயிருந்தது. அப்புறம் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. வந்த கம்ப்யூட்டர் பையனுடைய அறைக்குப் போனது. பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் மாணவர்களிடம் வருடக்கணக்கில் பேசிப் பார்த்தபோது இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கல்லூரிக்கு வரும்போதே பையன் பத்து வருட அனுபவசாலி. தங்கச்சிக்கு அன்றுதான் முதல் நாள்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடப் படிப்பு. கலிபோர்னியாவில் மட்டும் இப்படி 116 கல்லூரிகள். மார்க் கேட்க மாட்டார்கள், நுழைவுத்தேர்வு கிடையாது, வருகிறவர்களுக்கு இடம் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை யூனிட் என்று கணக்கு, உள்ளூர்க்காரர்களுக்கு ஃபீஸ் யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருடம் முடித்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். இங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பகலில் கடையில் நிற்பவர்கள், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு வருகிறவர்கள், விசாவில் கணவரோடு வந்து வீட்டில் இருக்கும் நம் ஊர்ப் பெண்களும் உண்டு. அவ்வளவு பெண்கள் நடமாடுகிற வளாகத்தில் என் லேப் கதவைத் திறந்தால் மட்டும் ஆண்கள் கூட்டம்.

முதல் வாரம் நடப்பதைச் சொல்கிறேன். நான் போர்டில் ஒரு வரி எழுதியிருப்பேன், திரையில் ஒரு பெயரைக் காட்டுகிற வரி. முன் வரிசையில் ஒரு பையன் கை தூக்குவான். "மேடம், இதில் மெமரியை யார் விடுவிக்கிறது?" கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறது. நான் பதில் சொல்லத் தொடங்குவேன், பக்கத்தில் இன்னொருவன் சேர்ந்துகொள்வான். அந்த நேரத்தில் கடைசி வரிசையைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா, பேனா மூடியைப் போட்டார், நோட்டை மூடினார், பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்த வாரம் நான் நடத்தியது வெறும் பத்து வரி. அதில் அவருக்குப் புரியாதது ஒன்றுமே இல்லை.

அதே கலிபோர்னியாவில் ஹார்வி மட் என்று ஒரு சின்னக் கல்லூரி. 2006இல் மரியா கிளாவே தலைவராக வந்த சமயத்தில் முதல் பாடத்தையே பிரித்துவிட்டார்கள். ஏற்கெனவே கோடிங் தெரிந்தவர்கள் ஒரு பிரிவு, தெரியாதவர்கள் இன்னொரு பிரிவு. புரோகிராம் எழுதுகிற மொழியும் மாறியது, ஜாவாவுக்குப் பதில் பைத்தான். வகுப்பில் அளக்கிற பையனை ஆசிரியர் தனியே கூப்பிட்டு, "உன்னோடு பேசுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் வகுப்புக்கு வெளியே பேசுவோம்" என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் துறையில் பத்து சதவீதம் இருந்த பெண்கள் சில வருடங்களில் நாற்பதை எட்டினார்கள். கார்னகி மெலனிலும் அப்படித்தான். 1995இல் சேர்ந்தவர்களில் 7 சதவீதம் பெண்கள், 2000இல் 42. முன் அனுபவத்துக்குக் கொடுத்துவந்த முக்கியத்துவத்தை அட்மிஷனில் குறைத்தது அதில் ஒரு பெரிய காரணம்.

சரி, இதையெல்லாம் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். அவர்கள் பொறுக்கி எடுக்கிறவர்கள். மாணவர்கள் விடுதியிலேயே இருக்கிறார்கள், பணமும் இருக்கிறது. வாசலைத் திறந்து வைத்திருக்கிற எங்களால் அட்மிஷனில் எதை மாற்ற முடியும்? எங்கள் கையில் இருப்பது டைம்டேபிள், முதல் பாடம், வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டிய கெடு, இந்த மாதிரி சில்லறை விஷயங்கள். ஆனால் பெண்கள் கழன்று போவது பெரும்பாலும் இந்தச் சில்லறையில்தான் என்பது என் அனுபவம்.

முன்பெல்லாம் பன்னிரண்டு வருடம் கழித்துப் படிக்க வருகிற அம்மாவை உடனே கணக்குப் பரீட்சையில் உட்கார வைப்பார்கள். பள்ளிக்கூட அல்ஜீப்ரா மறந்திருக்கும். இரண்டு மூன்று செமஸ்டர் கீழ்வகுப்புக் கணக்கு. அதைத் தாண்டி, அப்புறம் கால்குலஸ், அப்புறம்தான் பல்கலைக்கழகம். ஒவ்வொரு படியிலும் சிலர் இறங்கிவிடுவார்கள். 2017இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது, 2019இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. இப்போது பெரும்பாலோர் நேராகவே பட்டப்படிப்புக் கணக்கில் உட்காரலாம். பெண்களுக்காகப் போட்ட சட்டம் இல்லை. ஆனாலும் பாதிப் படிகள் குறைந்துவிட்டன.

ஒரு சட்டமும் எட்டாத இடம் ஆறு மணி வகுப்பு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் குழந்தைகள் காப்பகம் ஐந்தரைக்கு மூடிவிடும். என் வகுப்பு ஆறுக்கு. ஒரு பெண் ஐந்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். அவனுக்கு நான் பிரிண்ட் எடுத்து வீணான தாள்களைக் கொடுப்பேன், ஒரு பக்கம் என் புரோகிராம், மறுபக்கம் அவன் வரைகிற டைனோசர். கெட்டிக்காரப் பையன், சத்தமே போட மாட்டான். ஆனால் சளி பிடித்த வாரம் இரண்டு பேருமே வர மாட்டார்கள். காப்பக நேரத்தை நீட்டக் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலை அமெரிக்காவிலும் கேட்கலாம், நேயர்களே.

இப்போது இருக்கும் கல்லூரியில் ஒன்றிரண்டு காரியம் நடந்தது. முதல் பாடத்தை இரண்டாகப் பிரித்தோம். ஞாயிறு நள்ளிரவில் இருந்த கெடுவை நான் புதன்கிழமைக்கு மாற்றினேன், வார இறுதியில்தான் பாதிப் பேருக்குக் கடை வேலை. லேபில் இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கிறேன். சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து, ஜோடியாக எழுதுகிறவர்கள் படிப்பை விடாமல் தொடர்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். ஒருவர் தட்டுவார், மற்றவர் பார்த்துச் சொல்வார். ஒரே ஒரு தொல்லை, கீபோர்டைக் கையில் வாங்கினால் திருப்பித் தராத பிள்ளைகள். அதற்கு ஒரு சமையலறை டைமர் வாங்கி வைத்திருக்கிறேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது கத்தும், கீபோர்டு கை மாறும். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

நோட்டை மூடிவைத்துப் போனாரே அந்த அம்மா, இரண்டு வருடம் கழித்து, கோடிங் தெரியாதவர்களுக்கென்று பிரித்த பிரிவில் திரும்பச் சேர்ந்தார். தேறினார். இப்போது என் லேபில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் உதவியாளர். ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி திறக்கிறது. உதவியாளருக்கென்று வகுப்பின் முன்னால், என் மேஜைப் பக்கத்தில் ஒரு நாற்காலி உண்டு. முதல் இரண்டு வாரம் அவர் அதில் உட்காருவதே இல்லை. பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விடுவார்.