பென்குவின் போகும் வழி, மீன் காட்டும் வழி

[காட்சி: கோத்தகிரி. ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே, பல்பு ஹோல்டரை ஒட்டி ஒரு மண் கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள், மூன்றும் வாயைத் திறந்தபடி.]

வணக்கம். இந்தக் கூடு எங்கள் தெருமுனை டீக்கடையில் இருக்கிறது. கட்டியது மலைத் தகைவிலான் என்ற குருவி. சேற்றை உருண்டை உருண்டையாக அலகில் கொண்டு வந்து ஒட்டி, உள்ளே இறகு பரப்பி வைத்திருக்கிறது. எச்சம் பால் சட்டியில் விழுந்துவிடக் கூடாதென்று கடைக்கார அண்ணன் கூட்டுக்குக் கீழே ஒரு அட்டையைக் கட்டியிருக்கிறார். கூட்டைக் கலைக்க அவருக்கு மனசு வரவில்லை.

வெயில் அடித்தால் தாய்க்குருவி சில்வர் ஓக் மரத்து உச்சிக்கும் மேலே பறந்து பூச்சி பிடிக்கும். மூடுபனி இறங்கிய நாளில் தேயிலைச் செடிக்கு ஒரு முழம் மேலே, இலையை உரசுகிற மாதிரி போகும். குளிரில் பூச்சிகள் தாழ்வாகவே திரியும். பூச்சி எந்த உயரமோ, குருவியும் அந்த உயரம். ஆனால் எங்கே போனாலும் சீக்கிரம் திரும்பியாக வேண்டும். கூட்டில் குஞ்சு பசித்துக் கிடக்கிறது.

இரண்டு வாரம் டீ குடித்துக்கொண்டே இதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான், பென்குவின் கடலில் எப்படி இரை தேடுகிறது என்று படித்ததெல்லாம் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. அங்கேயும் இதே கதைதான். காற்றுக்குப் பதில் தண்ணீர், பூச்சிக்குப் பதில் மீனும் கிரிலும்.

[காட்சி: பென்குவின் கூட்டம், கரையிலிருந்து கடலுக்குள் குதிக்கிறது.]

முதலில் தூரம். எங்கள் பெரியம்மா எஸ்டேட் லைன் வீட்டில் முப்பது வருஷம் இருந்தவர். விறகு பொறுக்கப் போனதைப் பற்றி அவர் சொல்வார்: "பக்கத்துல கெடக்கறது மொத வருஷமே தீந்துரும் கண்ணு. அப்புறம் வருஷா வருஷம் நடை கூடிக்கிட்டே போகும்." கடல் பறவைகள் விஷயத்தில் இதையே 1963இல் ஃபிலிப் ஆஷ்மோல் என்ற பறவையியலாளர் எழுதினார். பல்லாயிரம் பறவைகள் ஒரே இடத்தில் கூடு வைத்தால், அந்தக் கரையைச் சுற்றி இரை குறைந்த ஒரு வளையம் உண்டாகிவிடும் என்றார். அண்டார்டிகாவில் ராஸ் தீவின் கேப் க்ரோஸியரில் அடேலி பென்குவின்களின் மிகப் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. குஞ்சு வளர வளர, அங்குள்ள பறவைகள் இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது. கிரில் குறைந்து மீனைத் தேட வேண்டியிருக்கிறது.

கிரில் என்றால் என்ன? நம் சந்தையில் கூனிக் கருவாடு விற்பார்களே, பார்ப்பதற்கு அந்தக் கூனி மாதிரிதான். அண்டார்டிக் கிரில் 6 சென்டிமீட்டர் வரை வளரும். கடலில் பெரும் திரளாக மிதக்கும்.

[காட்சி: பென்குவின் முதுகில் ஒட்டிய சிறிய கேமரா. பச்சை நிறத் தண்ணீர், மேலே பனிக்கட்டியின் அடிப்பக்கம்.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிக்கு வருகிறேன். தண்ணீருக்கு அடியில் பென்குவின் எத்தனை இரை பிடித்தது என்று கரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? யூகி வதனபே, அகினோரி தகஹாஷி என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அடேலி பென்குவின் முதுகில் ஒரு கேமராவை ஒட்டினார்கள், அதோடு அசைவைப் பதிவு செய்யும் இரண்டு கருவிகளையும் பொருத்தினார்கள். அசைவுக் கருவிகளில் ஒன்று தலையில், இன்னொன்று முதுகில். நீந்தும்போது தலையும் முதுகும் சேர்ந்து அசையும். முதுகு சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது தலை மட்டும் வெடுக்கென்று முன்னால் போனால், அங்கே ஒரு இரை பிடிபட்டது என்று அர்த்தம். கேமரா படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தியது.

2013இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. கிரில் திரளுக்குள் புகுந்துவிட்டால், பென்குவின் விநாடிக்கு இரண்டு கிரில் வரை கொத்துகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரே பறவை 244 கிரில் பிடித்திருக்கிறது. ஒரு தரம் கையைச் சொடுக்கிப் பாருங்கள். அந்த நேரத்தில் இரண்டு கொத்தல், இரண்டு விழுங்கல், கூடவே நீச்சலும். பென்குவின் நாக்கில் உள்நோக்கிச் சாய்ந்த முட்கள் இருக்கும். வழுக்குகிற இரை அதில் மாட்டினால் தொண்டைப் பக்கம் மட்டும்தான் நகரும்.

மீனைப் பிடிக்கும் விதம் வேறு. அடேலிகள் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் மீனைக் கீழிருந்து வந்து பிடிக்கின்றன. மேலே வெளிச்சம் இருப்பதால், கீழிருந்து பார்க்கிற கண்ணுக்கு இரை தெளிவாகத் தெரியும்.

சரி, ஆழம்.

[காட்சி: கேத்தரின் அருவி, டால்பின்ஸ் நோஸ் பக்கமிருந்து.]

நம் கேத்தரின் அருவி சுமார் 250 அடி. கிங் பென்குவின் பகல் வேட்டையில் அதைவிட ஆழமாக, 100 மீட்டரைத் தாண்டி 200, 300 மீட்டர் வரை சர்வசாதாரணமாகப் போய்வரும். எம்பரர் பென்குவின் 500 மீட்டருக்கும் கீழே போனது பதிவாகியிருக்கிறது.

கிங் பென்குவினின் முக்கிய இரை விளக்குமீன். உடலில் வரிசையாக ஒளிப்புள்ளிகள் உள்ள, விரல் நீளத்துக்குள் அடங்குகிற மீன். பகலில் இருட்டான ஆழத்துக்குப் போய்விடும், இரவில் மேல்மட்டத்துக்கு வரும். அப்படியானால் இரவில் வேட்டையாடுவதுதானே சுலபம்? இல்லை, பென்குவினுக்குக் கண்தான் ஆயுதம். இரை கை எட்டும் தூரத்தில் இருந்தாலும் இருட்டில் பிடிப்பது கஷ்டம். அதனால் பகல் வெளிச்சம் எதுவரை இறங்குகிறதோ, அதுவரை துரத்திக்கொண்டு போகிறது. இரவில் போடும் முக்குளிப்புகள் ஆழம் குறைந்தவை.

இதில் ஒரு விஷயம் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. ஆழமாகப் போகப்போகிற பென்குவின், மேலே இருக்கும்போதே கூடுதலாகக் காற்றை இழுத்துக்கொள்கிறது. ஆழம் குறைந்த முக்குளிப்பு என்றால் குறைவான காற்று. கிங் பென்குவினிலும் அடேலியிலும் இதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் உடல் மிதக்கும், கீழே போக அதிகம் துடுப்புப் போட வேண்டும். அதனால் தேவைக்கு மேல் இழுப்பதும் நஷ்டம். தலையைத் தண்ணீரில் வைப்பதற்கு முன்பே, இந்த முறை எவ்வளவு ஆழம் என்று அது முடிவு செய்துவிடுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். திரும்பி வரும்போது கடைசிப் பகுதியில் சிறகடிப்பதையே நிறுத்திவிடும். உள்ளே விரிகிற காற்று அதை மேலே தூக்கி வந்துவிடும்.

[காட்சி: கோடநாடு வியூ பாயின்ட். கீழே மாயாறு பள்ளத்தாக்கு, நடுவில் வெள்ளை வரப்பு போட்ட மாதிரி மூடுபனி.]

இந்தப் பனி ஒரு மட்டத்தோடு நிற்கிறது பாருங்கள். கடலிலும் இப்படி ஒரு மட்டம் உண்டு. மேலே வெதுவெதுப்பான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர், நடுவில் சட்டென்று மாறும் எல்லை. சின்ன மீன்கள் அந்த எல்லையை ஒட்டிச் சேரும். ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் உள்ள குட்டிப் பென்குவின்களுக்கு அந்த எல்லை தெளிவாக இருக்கும் காலத்தில் வேட்டை நன்றாக அமைகிறது. காற்று அடித்துத் தண்ணீர் கலங்கிவிட்டால் மீனும் சிதறிவிடும்.

மோப்பமும் உதவுகிறது. மிதவை நுண்ணுயிர்களை மற்ற உயிர்கள் மேயும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வெளிவரும். அந்த வாசனையை ஆப்பிரிக்கப் பென்குவின்கள் கண்டுகொள்கின்றன. வாசனை வந்தால் அங்கே மேய்ச்சல் நடக்கிறது. மேய்ச்சல் இருந்தால் மீன் இருக்கும்.

அந்த ஆப்பிரிக்கப் பென்குவினைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

[காட்சி: நெத்திலிக் கூட்டம் பந்து போலத் திரண்டு சுழல்கிறது. கீழிருந்து கருப்பு வெள்ளை உருவங்கள்.]

அதன் சாப்பாடு மத்தியும் நெத்திலியும். நாலைந்து பென்குவின் சேர்ந்து மீன் கூட்டத்துக்குக் கீழே போய், அதை மேல்மட்டத்துக்கு ஓட்டி வரும். மேலே தப்பிக்க இடமில்லை. தனியாகப் போவதைவிட இப்படிக் கூட்டாகப் போகும்போது, அதே உழைப்புக்குக் கிடைக்கும் மீன் 2.7 மடங்கு என்று கேமரா வைத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கமும் யோசியுங்கள். பெரிய மீன் கூட்டமும் வேண்டும், கூட வருவதற்குப் போதுமான பென்குவினும் வேண்டும். இரண்டும் இப்போது குறைந்துவருகின்றன.

கூட்டை விட்டு முதன்முறையாகக் கடலுக்குப் போகும் இளம் பறவைக்கு யாரும் வழிகாட்டுவதில்லை. குளிர்ந்த தண்ணீர், பச்சை நிறம், மிதவை உயிர்களின் செழிப்பு: இந்த அடையாளங்களைத் தேடிப் போகிறது. இந்த அடையாளம் இருந்த இடத்தில் ஒரு காலத்தில் மத்தியும் நெத்திலியும் நிறைந்திருந்தன. 2017இல் வெளியான ஆய்வுக்காக 54 இளம் பறவைகளைப் பின்தொடர்ந்தார்கள். அவை சரியான தண்ணீருக்குத்தான் போயின. நமீபியா பக்கத்துக் கடலில் தண்ணீர் இன்றும் குளிர்ச்சியாக, பச்சையாக இருக்கிறது. மீன்தான் இல்லை. அளவுக்கு மீறிப் பிடித்ததாலும் கடலின் மாற்றத்தாலும் மத்தி அங்கே அற்றுப்போய், அந்த இடத்தை சொறிமீனும் சத்துக் குறைந்த கோபி மீனும் பிடித்துக்கொண்டன. பறவை தவறு செய்யவில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2024இல் ஆப்பிரிக்கப் பென்குவின் மிக அருகிய இனம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இரண்டு பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் ஒரு உடன்பாடு வந்தது. பென்குவின்கள் கூடு வைக்கும் 6 இடங்களைச் சுற்றியுள்ள கடலில், சுருக்கு வலையால் மத்தியும் நெத்திலியும் பிடிப்பதற்கு 10 ஆண்டுத் தடை. குஞ்சுக்கு ஊட்டும் காலத்தில் பெற்றோர் பறவைகள் போய்த் திரும்பக்கூடிய தூரத்தை மனதில் வைத்துத்தான் அந்த எல்லைகளுக்காக வாதாடினார்கள்.

[காட்சி: மறுபடி டீக்கடை. மூடுபனி. தாய்க்குருவி தேயிலைக்கு மேலே தாழப் பறந்து வந்து, கூரைக்குள் நுழைந்து, நடுக் குஞ்சின் வாயில் பூச்சியை வைத்துவிட்டு உடனே திரும்புகிறது.]