பெடலில் கோளாறா, ஆம்பில் கோளாறா? டியூப் ஆம்புக்கு ஏற்ற ஓவர்டிரைவ் – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். படித்ததிலிருந்து அதற்கான பதில் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் இருக்கிறது. அதற்காக ஒரு டியூப் ஸ்க்ரீமர் வாங்கினேன். வீட்டில் அருமையாக இருந்தது. அதே பெடலை நண்பனுடைய மார்ஷலில் போட்டால் மூக்கடைத்த மாதிரி ஒலிக்கிறது. பெடலில் கோளாறா, ஆம்பில் கோளாறா? டியூப் ஆம்புக்கு எந்த ஓவர்டிரைவ்தான் சரி?"

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்பும் மார்ஷலும் டியூப் (வெற்றிடக் குழாய்) வைத்த கிடார் ஆம்ப்ளிஃபையர்கள். டியூப் ஸ்க்ரீமர் என்பது கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைக்கும் ஓவர்டிரைவ் பெடல், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் (டிஸ்டார்ட் செய்யும்) பெட்டி. தம்பி, நிம்மதியாக இருங்கள். இரண்டிலும் கோளாறு இல்லை. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஒரே பெடல், இரண்டு ஆம்ப், இரண்டு விதமான ஒலி. இதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு சந்தோஷம். பலர் பெடலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஆம்பைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் டியூப் ஸ்க்ரீமர் என்ற அந்தப் பச்சைப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெயரில் டியூப் இருக்கிறதே தவிர உள்ளே டியூப் கிடையாது. சுசுமு தமுரா என்ற ஜப்பானியப் பொறியாளர் வடிவமைத்து, 1979 வாக்கில் ஐபனேஸ் பெயரில் டிஎஸ்808 ஆக வெளிவந்தது. உள்ளே ஒரு ஆப்-ஆம்ப் சிப் கிடார் சிக்னலைப் பெருக்குகிறது. அதோடு சேர்ந்த டயோடுகள் அலையின் முகட்டை மெதுவாக வெட்டுகின்றன. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும். இந்த இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸில் ஒரு கோடு போடுகின்றன. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள ஒலிக்கு முழுப் பெருக்கம் கிடைக்கும். கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். அதற்கு அடுத்த கட்டத்தில் 1 கிலோ ஓமும் 0.22 மைக்ரோஃபாரடும் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட 720-தான் வரும். ஆனால் இந்தத் தடவை அதற்கு மேலே உள்ளதைக் குறைக்கிறது. இரண்டு பக்கமும் சரிந்தால் நடுவில் ஒரு மேடு நிற்கும் இல்லையா? அந்த மேடுதான் டியூப் ஸ்க்ரீமரின் குரல்.

720 ஹெர்ட்ஸ் என்றால் கிடாரில் எங்கே இருக்கிறது? தடிமனான ஆறாவது கம்பியை வெறுமனே மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். முதல் கம்பியின் 12-ஆவது ஃப்ரெட்கூட 659-தான். அதாவது நாம் வாசிக்கும் பெரும்பாலான ஸ்வரங்களின் அடிப்படை ஒலி அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. பெடல் அதிகம் பெருக்குவது அடிப்படை ஒலியை அல்ல, அதன் மேலே எழும் துணை ஒலிகளான ஹார்மோனிக்ஸை. டிஸ்டார்ட் ஆவதற்கு முன்னாலேயே பேஸ் குறைந்துவிடுவதால் ஒலி குழம்பாமல் இறுக்கமாக நிற்கிறது.

இப்போது உங்கள் டீலக்ஸ் ரிவர்ப். 1963-இல் வந்த அந்த பிளாக்ஃபேஸ் வடிவத்தில் ட்ரெபிள், பேஸ் என்று இரண்டு டோன் நாப்தான் உண்டு. மிட் (நடுத்தர ஒலி) நாப் கிடையாது, அந்த இடத்தில் ஒரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். இந்த டோன் சர்க்யூட் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழ வைக்கும். ஃபெண்டரின் பளிச்சென்ற க்ளீன் ஒலிக்குக் காரணமே அந்தப் பள்ளம்தான். உங்கள் பெடலின் மேடு அந்தப் பள்ளத்தை ஒட்டிப்போய் உட்கார்கிறது. அதனால்தான் வீட்டில் அருமையாக இருந்தது.

மார்ஷலின் கதை வேறு. 1962-இல் ஜிம் மார்ஷல் லண்டனில் இருந்த தன் கடையில் முதல் ஜேடிஎம்45-ஐக் கொண்டுவந்தபோது, அதற்கு அடிப்படையாக எடுத்தது ஃபெண்டர் பேஸ்மேனின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைத்தான். போகப்போக டோன் பகுதியின் மதிப்புகள் மாறின. ஃபெண்டர் பிளாக்ஃபேஸில் 100 கிலோ ஓம் இருக்கிற இடத்தில் பிற்கால மார்ஷலில் 33 கிலோ ஓம். அதனால் பள்ளம் ஆழம் குறைந்து, இன்னும் மேலே நகர்ந்துவிடுகிறது. அதோடு மூடிய கேபினெட்டில் செலஸ்டியன் ஸ்பீக்கர். மிட் ஏற்கெனவே நிறைந்து நிற்கிறது. அதன் மேல் இன்னொரு மேட்டைக் கொண்டுபோய் வைத்தால் மூக்கடைக்காமல் என்ன செய்யும்?

சரி, இத்தோடு விட்டால் உடனே ஒருவர் கேட்பார். "மார்ஷலின் ஜேசிஎம்800 ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வைத்து மெட்டல் வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள், சரியாகவும் ஒலிக்கிறது. அவர்கள் பெடலின் நாப்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டிரைவ் (டிஸ்டார்ட் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் (வெளியேறும் சத்தம்) மேலே. டிஸ்டார்ட் ஆவது முழுக்க ஆம்ப். பெடல் பேஸைக் குறைத்து, முதல் டியூபைத் தள்ளிக்கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன், டிரைவைப் பூஜ்யத்தில் வைத்தாலும் இந்தப் பெடல் அந்த 720-க்கு மேலே சிக்னலை ஏறக்குறைய 12 மடங்கு பெருக்கும். கிடாரில் வலுவான ஹம்பக்கர் பிக்கப் இருந்தால் டயோடுகள் அப்போதே வெட்டத் தொடங்கிவிடும். பூஜ்யம் என்று எழுதியிருப்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் எங்கே வரப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். "எந்தப் பெடல்" என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் ஆம்ப் எங்கே நிற்கிறது? வால்யூம் நாப் இரண்டிலா, ஆறிலா? இதைத்தான் அந்தத் தம்பி கேட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கேட்காவிட்டாலும் பதில் சொல்லிவிடுகிறேன்.

டீலக்ஸ் ரிவர்பை இரண்டில் வைத்தால் டியூப்கள் எதுவும் சிரமப்படவில்லை. பெடல் எதைக் கொடுக்கிறதோ அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும், அவ்வளவுதான். லெவலை ஏற்றினால் சத்தம் கூடும், கிரஞ்ச் (லேசான கரகரப்பு) அதிகமாகாது. அங்கே பெடல்தான் முழுக் குரலையும் உருவாக்க வேண்டும். அதே ஆம்பை ஐந்து, ஆறுக்குக் கொண்டுபோனால் 6வி6 பவர் டியூப்கள் இரண்டும் தங்கள் எல்லைக்கு வந்துவிடும். ரெக்டிஃபையர் டியூபின் வோல்டேஜ் லேசாகத் தாழும், ஒலி விரலுக்கு அடியில் நெகிழ்ந்து கொடுக்கும். அந்த நிலையில் பெடல் கொடுக்கும் சின்னத் தள்ளுதல் ஆம்பையே பாட வைக்கும். ஒரே பெடல்தான், ஆனால் இரண்டு நிலையிலும் அதன் வேலை வெவ்வேறு. முதல் வேலைக்கு நல்லதாக இருக்கும் பெடல் இரண்டாவது வேலைக்கு நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ப்ளூஸ் கிடாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் டியூப் ஸ்க்ரீமர் வாசித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஃபெண்டர் ஆம்ப்களை நல்ல சத்தத்தில் வைத்து, டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றித்தான் வாசித்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். தடிமனான கம்பிகள், அரை ஸ்வரம் இறக்கிய ட்யூனிங், அப்புறம் அந்தக் கை. ஆம்பை ஒன்றரையில் வைத்து, டிரைவை முழுக்கத் திருப்பிவிட்டு, "அந்த ஒலி வரவில்லையே" என்றால் எப்படி வரும்?

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம், ஆறில் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்பீர்கள். நியாயம்தான். டீலக்ஸ் போன்ற 22 வாட் டியூப் ஆம்ப் ஒரு அறைக்கு மிக மிக அதிகம். சிலர் 85 வாட் ட்வின் ரிவர்ப் வாங்கிவிட்டு என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். 22-க்கும் 85-க்கும் வாட் கணக்கில் நாலு மடங்கு, ஆனால் காதுக்கு வித்தியாசம் வெறும் 6 டெசிபல்தான். எங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரியும் என்றால் ஹெட்ரூமில், அதாவது டிஸ்டார்ட் ஆகாமல் எவ்வளவு தாங்கும் என்பதில். ட்வின் கடைசி வரைக்கும் க்ளீனாகவே நிற்கும். அதைத் தள்ளி டிஸ்டார்ட் செய்யும் அளவு சத்தத்தில் யாராலும் பக்கத்தில் நிற்க முடியாது. ட்வின்னுக்குத் தானாகவே டிஸ்டார்ட் ஆகி, தானாகவே முழுமையாக ஒலிக்கும் பெடல் வேண்டும். மார்ஷல் ப்ளூஸ்பிரேக்கர் வகை, அல்லது இன்னும் கடுமையாக வேண்டும் என்றால் ராட் பெடல்.

ட்வின் என்றதும் ஒரு நிகழ்ச்சி ஞாபகம் வருகிறது. ஒரு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிக்கும் தம்பி ஒருவர், நல்ல கை, என்னைக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் கேட்டால் கிடார் மலைபோல இருக்கிறது, சர்ச்சில் கீபோர்டும் டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்தால் கிடார் காணாமல் போய்விடுகிறது என்று புகார். போய்ப் பார்த்தேன். ட்வின்னில் பேஸ் நாப் எட்டு, பெடலில் டிரைவ் முழுக்க. தனியாகக் கேட்டால் நிறைவாகத்தான் இருந்தது. அந்த நிறைவெல்லாம் பேஸ் கிடாரும் கீபோர்டின் இடது கையும் குடியிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. ஆம்பில் பேஸை மூன்றுக்கு இறக்கி, டிரைவைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுவந்து, லெவலை ஏற்றினேன். கிடாரைத் தனியாகக் கேட்டு அவருக்கு முகம் வாடிவிட்டது, மெலிந்துபோய்விட்டது என்றார். பாட்டு ஆரம்பித்ததும் கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெடலைத் தனியாக வாசித்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

டிஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் பேஸைக் குறைப்பது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. வாக்ஸ் ஏசி30 ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு இஎல்84 டியூப், நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி ஒலியைக் கட்டுப்படுத்துவது) கிடையாது, அதனால் சீக்கிரமே நெகிழும். தள்ளினால் பேஸ் குழைந்துவிடும். 60-களில் இங்கிலாந்தில் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர் வந்தது. உள்ளே ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், ஓசி44. நுழைவாயிலில் மிகச் சின்ன கெப்பாசிட்டர், அது பேஸை உள்ளேயே விடாது. ஐரிஷ் கிடாரிஸ்ட் ரோரி கல்லகர் அதை ஏசி30-க்கு முன்னால் வைத்து வாசித்தார். குயீன் குழுவின் பிரையன் மே இன்றுவரை ஏசி30-க்கு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர்தான். ஆம்ப் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கிறது, முன்னால் உள்ள பெட்டி பேஸைக் குறைத்துத் தள்ளுகிறது. அதே பூஸ்டரை இரண்டில் நிற்கும் ஆம்புக்குக் கொடுங்கள், காதைக் கிழிக்கும். ஆம்ப் எங்கே நிற்கிறது? மறுபடியும் அதே கேள்விதான்.

க்ளான் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கமெண்டில் கேட்பீர்கள். பில் ஃபினிகன் 1994-இல் வெளியிட்ட பெடல். 9 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்வதால் வெளியே வரும் சிக்னலுக்கு நிறைய இடம் இருக்கிறது, டிஸ்டார்ட் ஆன ஒலியோடு க்ளீன் ஒலியையும் கலந்து அனுப்பும். ஏற்கெனவே லேசாகக் கிரஞ்ச் ஆகும் ஆம்பைத் தள்ளுவதற்கு அருமையானது. ஆனால் அசல் பெடலுக்கு இன்று கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டாம். அதே சர்க்யூட்டில் நல்ல பெடல்கள் நிறைய வந்துவிட்டன. அதேபோல டியூப் ஸ்க்ரீமரைத் திறந்து, உள்ளே இருக்கும் 4558 என்ற ஆப்-ஆம்ப் சிப்பை மாற்றுவதற்குச் செலவு செய்யாதீர்கள். டிஎஸ்808-க்கும் அதற்குப் பின் வந்த டிஎஸ்9-க்கும் முக்கியமான வித்தியாசமே சிக்னல் வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்தான். அந்த மேட்டை உண்டாக்குவது சிப் அல்ல. விலை குறைவாக வேண்டும் என்றால் பாஸ் எஸ்டி-1 இருக்கிறது, 1981-இலிருந்து வருகிறது. ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று. அலையின் மேலும் கீழும் ஒரே மாதிரி வெட்டுப்படாது, அதனால் கொஞ்சம் கரகரப்பு கூடுதல். மற்றபடி டியூப் ஸ்க்ரீமரின் நெருங்கிய உறவு.

தம்பி, உங்களுக்கு வருகிறேன். டீலக்ஸுக்கு அந்தப் பெடலையே வைத்துக்கொள்ளுங்கள், வேறு வாங்க வேண்டாம். நண்பரின் மார்ஷலில் மறுபடி முயற்சி செய்யும்போது முதலில் பெடல் இல்லாமல், நீங்கள் நிஜமாக வாசிக்கப்போகும் சத்தத்தில் ஆம்பை வையுங்கள். ஆம்பின் மிட் நாப்பை மூன்று, நாலுக்கு இறக்குங்கள். பிறகு பெடலில் டிரைவ் பூஜ்யம், டோன் நடுவில், லெவல் கடிகார முள் மூன்று மணி காட்டும் இடத்தில். கூட யாராவது பேஸ் கிடார் வாசித்தால் இன்னும் நல்லது. அப்போதும் மூக்கடைத்தால் மேடு இல்லாத ப்ளூஸ்பிரேக்கர் வகைப் பெடல் ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள். ஆம்பை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது ஸ்பீக்கர் கேபிளைப் பிடுங்கிவிட்டு டியூப் ஆம்பை ஓடவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். முதலில் ஆம்பை அணையுங்கள், அப்புறம் கேபிளைத் தொடுங்கள்.

அந்த மார்ஷல் எந்த மாடல், அதில் மாஸ்டர் வால்யூம் இருக்கிறதா, நண்பர் அதை எத்தனையில் வைத்து வாசிக்கிறார், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அது தெரிந்தால் அடுத்த வீடியோவில் உங்களுக்கு இன்னும் குறிப்பாகப் பதில் சொல்கிறேன்.